எருக்கம்பாலும் ஏழாம் நம்பர் காகிதமும்

நல்ல கை

“உங்களுக்கு நல்ல கை” என்றார் பரீட்சகர்.

சித்திரை மாதத்து முற்பகல். அடையாற்றுக்கு மயிலாப்பூர்ப் பக்கத்துக் கரையில், எங்கள் லாபரட்டரி இருந்த ஒரு பழைய பங்களாவின் முன்கூடம். மேஜைமேல் என் தீசிஸ் கறுப்பு அட்டையுடன் விரிந்து கிடந்தது. அறை முழுக்க அரக்கு வார்னிஷ் வாசனை. சன்னலில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டிக்கு யாரோ தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். அது சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

பரீட்சகர்கள் இரண்டு பேர். உள்ளூர்க்காரர் ஏற்கனவே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். மற்றவர் வடக்கேயிருந்து ரயிலில் வந்தவர், வங்காளி, மெல்லிய குரல். அவருடைய விரல் மூன்றாம் அத்தியாயத்தில் ஒட்டியிருந்த ஏழாம் நம்பர் காகிதத்தின் மேல் நின்றது.

புகை படிந்த கறுப்புக் காகிதம் அது. ஒரு தவளையின் இதயம் தன் துடிப்பை அதில் வெள்ளைக் கோடுகளாக எழுதியிருந்தது. எருக்கம்பாலிலிருந்து பிரித்தெடுத்த மருந்தைக் கொடுத்ததும் கோடுகள் உயரும், பிறகு தடுமாறும், கடைசியில் இதயம் இறுகிப்போய் ஒரே நேர்கோடாக நின்றுவிடும்.

இவ்வளவு சுத்தமான பதிவுகளைத் தம் ஊரில்கூட அதிகம் பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். இந்தக் கை இருக்கும் ஆள் இந்தத் துறையில் நெடுந்தூரம் போவான் என்றும் சொன்னார். பிறகு, ஏதோ ஆசையாக விசாரிப்பதுபோலக் கேட்டார்: இந்த ஓர் இடத்தில் மட்டும் கோடு சற்றுத் தாழ்ந்து மறுபடி சரியாகியிருக்கிறதே, அப்போது என்ன செய்தீர்கள்?

எனக்குத் தெரியாது. அந்தக் காகிதத்தை எடுத்தது நான் இல்லை. எடுத்தவர் அதே அறையின் கோடியில், உபகரணங்களுக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஐந்து நிபந்தனைகள்

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இந்தத் தொடரைப் படிக்கும் மேற்கு மாம்பலம் வாசகர் ஒருவர், தம் பேத்தியை மருந்தியல் மேல்பட்டப் படிப்பில் சேர்க்க அலைவதாகவும், ‘உங்கள் காலத்தில் என்னவெல்லாம் கேட்டார்கள்?’ என்றும் எழுதியிருந்தார். அவர் கேட்டதனால்தான் இதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் காலத்தில் மருந்தியல் என்ற வார்த்தையே கிடையாது. மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்கிற சாஸ்திரம் என்று நீட்டித்தான் சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள், ‘அப்போ வைத்தியம் பண்ணுவியோ?’ என்பார்கள். மாட்டேன் என்றால், ‘பின்னே எதுக்கு?’

பல்கலைக்கழகம் கேட்டது ஐந்து விஷயங்கள். ஒன்று, ரசாயனத்திலோ வைத்தியத்திலோ முழுப் பட்டம். இரண்டு, அங்கீகாரம் பெற்ற லாபரட்டரியில் இரண்டு வருஷ வேலை, அதற்கு டைரக்டரின் சான்றிதழ். மூன்று, தீசிஸ், அதன் முதல் பக்கத்தில் ‘இதிலுள்ள சோதனைகள் யாவும் நானே செய்தவை’ என்று உறுதிமொழி. நான்கு, நேர்முகப் பரீட்சை. ஐந்து, ஜெர்மன் மொழியில் ஒரு பக்கம் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அன்று நல்ல கட்டுரைகள் எல்லாம் அந்தப் பாஷையில்தான் வந்தன.

ஐந்தாவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். மேஜைக்கு ஆண்பால், விளக்குக்குப் பெண்பால் என்று ஒரு பாஷை இருக்க முடியுமா என்று புலம்பிக்கொண்டிருந்தபோது லாபரட்டரியில் உதவியாளராக இருந்த கரீம் பாய் சிரித்தார். உருதுவிலும் அப்படித்தானாம். ‘நாற்காலி பொம்பளை, வீடு ஆம்பளை. நாங்க பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் பேசிக்கினு கீறோம், ஒண்ணும் ஆகலை’ என்றார். அவர் ஜெர்மனை எனக்கு முன்பே கற்றுக்கொண்டார். அவருக்கு அது தேவையே இல்லை. அந்தப் பரீட்சையை எழுத அவருக்கு அனுமதி கிடையாது.

முதல் நிபந்தனைதான் காரணம்.

பாய்

கரீம் பாயின் வீடு திருவல்லிக்கேணியில், பெரிய மசூதிக்குப் பின்சந்து. அண்ணன் யுனானி மருந்துக்கடை வைத்திருந்தார். பாய் மருத்துவப் பள்ளியில் நாலு வருஷம் படித்து எல்.எம்.பி. வாங்கியவர். அது வைத்தியம் பார்க்க லைசென்ஸ், பட்டம் இல்லை. நோயாளிக்கு ஊசி போடலாம், பிரசவம் பார்க்கலாம், ஆனால் மேல்பட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. நானோ ரசாயனத்தில் பி.எஸ்ஸி. தவளையை உயிரோடு தொட்டுப் பார்த்ததில்லை. எனக்கு அனுமதி உண்டு.

லாபரட்டரியில் அவர் உதவியாளர், நான் ஆராய்ச்சி மாணவன். என்னைவிட ஐந்தாறு வருஷம் மூத்தவர். ஒல்லி, வெற்றிலைச் சிவப்பு உதடு, எப்போதும் சலவைக்குப் போய்வந்த வெள்ளைக் கோட்டு. என்னை ‘ஐயரே’ என்பார். நான் ‘பாய்’ என்பேன். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பெயர் தேவைப்படவில்லை.

காகிதத்துக்குப் புகை ஏற்றுவதே ஒரு வேலை. வழவழப்பான வெள்ளைக் காகிதத்தை உருளையில் சுற்றி, புகையும் விளக்கின் மேல் சீராகச் சுழற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காகிதம் கருகும், வேகமாகச் சுற்றினால் திட்டுத்திட்டாகும். நான் செய்தால் அழுக்குத் துணி மாதிரி இருக்கும். பாய் செய்தால் மை தீட்டிய கண்ணிமை மாதிரி ஒரே கறுப்பு. தவளையின் இதயத்தோடு நூலால் கட்டிய முள் அதன்மேல் கோடு இழுக்கிற சத்தம் கேட்குமா என்று காதைக் கொடுத்துப் பார்ப்போம். கேட்காது. ஆனாலும் பார்ப்போம்.

மாம்பலத்துத் தவளைகள்

தவளைகளைக் கொண்டுவருகிறவள் கன்னியம்மா. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தெருக்கள் போட்டு, தியாகராய நகர் என்று பெயர் வைத்து, அங்கொரு வீடும் இங்கொரு வீடுமாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். காலி மனைகளில் எருக்கஞ்செடி இடுப்புயரம் மண்டிக் கிடக்கும். பள்ளங்களில் இன்னும் ஏரித் தண்ணீர் நிற்கும். எனக்கு வேண்டிய மருந்தும் அங்கேயே, அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டிய ஜீவனும் அங்கேயே. பால் எடுக்க நான் சைக்கிளில் போகும்போது அவள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ‘இன்னா நைனா, இந்தச் சனியனைத் தொட்டா கண்ணு அவிஞ்சு பூடும். நீ பூ பறிக்கிற மாதிரி பறிச்சுக்கினு கீறியே’ என்பாள்.

ஈரச் சாக்கில் பச்சைத் தவளைகளை வாரம் இரண்டு முறை கொண்டுவந்து போடுவாள். எந்தப் பள்ளத்துத் தவளை, எப்போது பிடித்தது என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் போவாள். நாங்கள் அதைக் காதில் வாங்கியதே இல்லை.

மயிலாப்பூரில் எங்கள் அகத்தில், நான் இலைகளை ஆராய்ச்சி செய்வதாகத்தான் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். எருக்கு பிள்ளையாருக்கு உகந்தது என்பதால் அவளுக்கு அதில் திருப்திகூட. தவளை விஷயம் என் மனைவி ஜானகிக்கு மட்டும் தெரியும். மாலையில் நான் கொல்லைப்பக்கமாக வருவதற்குள் கிணற்றடியில் இரண்டு வாளித் தண்ணீர் இறைத்து வைத்திருப்பாள். நான் குளித்துவிட்டு உள்ளே வருவேன். ஒரு நாளும் அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

சோதனைக்கு முன் தவளைக்கு உணர்வு போகும்படி மண்டைக்குள் ஊசி செலுத்த வேண்டும். முதல் மாதம் முழுக்க அதைப் பாய்தான் செய்தார். இரண்டாம் மாதம் ஊசியை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். செய்தேன். ஆனால் என் கை கடைசிவரை லேசாக நடுங்கும். என் காகிதங்களில் அந்த நடுக்கம் தெரியும்.

கையெழுத்து

இரண்டாவது வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட நேரம், எனக்கு டைபாய்டு வந்தது. நாற்பது நாள் படுக்கை. தலைமயிர் எல்லாம் கொட்டிப்போயிற்று. தீசிஸின் உயிரான மூன்றாம் அத்தியாயத்துக்கு வேண்டிய சோதனைகளைச் செய்ய அதுதான் குறித்து வைத்த காலம்.

எழுந்து உட்கார்ந்து லாபரட்டரிக்குப் போனபோது, என் மேஜைமேல் பதினான்கு காகிதங்கள், வார்னிஷ் போட்டுக் காயவைத்து, நம்பர் எழுதி, கட்டி வைத்திருந்தன. நான் எழுதி வைத்திருந்த திட்டப்படி, அத்தனையையும் பாய் தனியாகச் செய்து முடித்திருந்தார்.

தீசிஸை மாசிக்குள் கொடுக்க வேண்டும். ஆனியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை எனக்காகக் காத்திருந்தது. பட்டம் கையில் இருந்தால் எனக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு. சோதனைகளைத் திரும்பச் செய்ய நேரமில்லை. மூன்றாம் அத்தியாயம் கரீம் செய்தது என்று எழுதலாமா என்று டைரக்டர் துரையிடம் கேட்டேன். துரை சீமைக்கு லீவில் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். எழுதினால் தீசிஸே செல்லாது, உதவியாளர்கள் உதவுவது எங்கும் உள்ளதுதான், முகவுரையில் நன்றி சொன்னால் போதும் என்றார்.

பாயிடம் கேட்டேன். அவர் உருளையைத் துடைத்துக்கொண்டே, “போடு ஐயரே கையெழுத்து. நான் செஞ்சேன்னு எழுதினா எனக்கு இன்னா பட்டமா குடுத்துடப் போறாங்க? உனக்காவது ஆவட்டும்” என்றார்.

‘இதிலுள்ள சோதனைகள் யாவும் நானே செய்தவை.’ அதன் கீழே போட்டேன். நல்ல மை, நல்ல பேனா. கை அன்று நடுங்கவில்லை.

மறுபடியும் அந்த அறை

வங்காளிப் பரீட்சகர் பதிலுக்குக் காத்திருந்தார். தட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பொய் சொல்வது சுலபம். இதயத்துக்குள் ஓடும் உப்புத் திரவத்தை மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பார். பாயைப் பார்த்தேன். அவர் இடது கை விரல்களால் வலது கை மணிக்கட்டின் மேல் ஏதோ கட்டி இறுக்குவதுபோல ஜாடை காட்டினார். பதில் அங்கே இருந்தது. நான் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

குற்றம் கண்டுபிடித்திருந்தால் சமாளித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் புகழ்ந்துவிட்டார். நல்ல கை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் கைக்காரர் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு எனக்குப் பதில் எடுத்துக் கொடுக்கிறார்.

“தெரியாது, ஐயா. இந்தப் பதிவை எடுத்தது நான் இல்லை. அதோ நிற்கிறாரே, அவர். இந்த அத்தியாயம் முழுக்க அவருடையது” என்றேன்.

உள்ளூர்ப் பரீட்சகர் கடிகாரத்தை மேஜைமேல் வைத்தார். வங்காளி தீசிஸை மூடி, முதல் பக்கத்தைத் திறந்து, என் கையெழுத்தைப் பார்த்தார். பாயை ஒருமுறை பார்த்தார். நான் வெளியே காத்திருக்க வேண்டும் என்றார்.

முடிவு அரை மணியில் தெரிந்தது. பட்டம் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தின் சோதனைகள் அனைத்தையும் நானே செய்து ஒரு வருஷத்துக்குள் மீண்டும் கொடுக்கலாம். அந்தச் சலுகையை வாங்கிக்கொடுத்தது வங்காளிதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பாய் வாசலில் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. “உனக்குன்னு குடுத்ததை எல்லார் முன்னாடியும் திருப்பி என் கையில குடுத்துட்டே” என்றார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அவருக்கும், துரைக்குப் பதிலாக இருந்த டைரக்டரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

வேலை அடுத்தவருக்குப் போயிற்று. மாமனார் மூன்று வாரம் எங்கள் அகத்துப் பக்கம் வரவில்லை. ஜானகியிடம், கையெழுத்துப் போட்டவன் கடைசிவரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும், இரண்டும்கெட்டானாகப் போய்விட்டேன் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“கையெழுத்துப் போட்டது தப்பு. சொன்னது தப்பில்லை. ரெண்டையும் சேர்த்துண்டு குழப்பிக்காதேங்கோ” என்றாள். கொஞ்சம் கழித்து, “நாளைக்கும் தண்ணி இறைச்சு வைக்கணுமா?” என்று கேட்டாள். முதல்முறையாக அவள் அதைப் பற்றிப் பேசினாள்.

வைக்கணும் என்றேன்.

கோடைத் தவளை

வைகாசியில் ஆரம்பித்தேன். பாய் கூடத்தின் அந்தக் கோடியில் தம் வேலையைப் பார்ப்பார், நான் இந்தக் கோடியில். நானே புகை ஏற்றினேன், நானே நூல் கட்டினேன். அழுக்குத் துணி மாதிரி காகிதங்கள் மெல்லமெல்லச் சுமாராகின.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. பாயின் தவளைகளுக்கு இதயம் நின்றுபோன நேரத்தைத் தாண்டியும் என் தவளைகளின் இதயம் சாவகாசமாக அடித்துக்கொண்டிருந்தது. அதே எருக்கம்பால், அதே அளவு. ஒன்று, இரண்டு, ஆறு தவளைகள். அறைச் சூடு காரணமோ என்று ஐஸ் வாங்கித் திரவத்தைக் குளிரவைத்தும் பார்த்தேன். கொஞ்சம் மாறியது, முழுக்க மாறவில்லை.

அப்போது என் மனசில் வந்த எண்ணத்தை இங்கே எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயத்துக்கே அர்த்தமில்லை. பாய் எனக்கு நல்லது செய்கிறேன் என்று, வரவேண்டிய முடிவு வரும்படி எதையாவது கூட்டிக் குறைத்திருப்பாரோ என்று நினைத்தேன். பத்து நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடியும் நேரம் பார்த்துத் திருவல்லிக்கேணிக்குப் போய், அவர் சந்தில் நின்று, கேட்டேவிட்டேன்.

பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அண்ணனின் கடையிலிருந்து குல்கந்து வாசனை வந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, “அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பாத்தியா?” என்று கேட்டார்.

இல்லை. தீசிஸில் ஒட்டுவதற்காகக் கட்டி வைத்தவற்றை அப்படியே பைண்டரிடம் கொடுத்திருந்தேன்.

அப்போதே இரண்டு பேரும் டிராமில் லஸ் வரை வந்து, அங்கிருந்து நடந்தோம். லாபரட்டரியில் வெந்நீர் ஆவி காட்டி ஏழாம் நம்பர் காகிதத்தைப் பக்கத்திலிருந்து உரித்தார். பின்புறம் பென்சிலில், உருதுவில், பொடி எழுத்தாக நாலு வரி. அவரே படித்துத் தமிழில் சொன்னார். நூல் தளர்ந்தது, இறுக்கினேன். தவளை பெரிசு, வயிற்றில் முட்டை. கன்னியம்மா காலையில் கொண்டுவந்தது. வெளியே பலத்த மழை.

ஒவ்வொரு காகிதத்தின் பின்னாலும் இப்படி எழுதியிருந்தார். பதினான்கையும் உரித்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்காத மாதிரி, என் திரவம், என் மருந்து, என் சாக்குத் தவளைகளில் மூன்றை எடுத்துத் தாமே சோதனை செய்தார். பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக அவர் கை வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முடிவு என்னுடையதுபோலவே வந்தது. இதயம் நிற்க மறுத்தது.

பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் அப்போதுதான் பயம் தெரிந்தது. தம் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டார். அன்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “அப்போ நான்தான் தப்பா, ஐயரே?”

மறுநாள் கன்னியம்மா சாக்கோடு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன விஷயம் என்றாள். ஐப்பசியில் கொண்டுவந்த தவளை மாதிரி இது இல்லையே என்று பாய் சும்மா சொன்னார்.

“எப்படி இருக்கும்?” என்றாள் அவள். “அது மழைக்குக் கத்திக்கினு, மேல விழுந்துக்கினு, தின்னு கொழுத்தது. இது மண்ணுக்குள்ள பூந்து பட்டினியாக் கெடந்தது நைனா. தோண்டித்தான் எடுத்தாறேன். ரெண்டும் ஒண்ணாவுமா?”

பாய் எழுந்து போய் ஏழாம் நம்பர் காகிதத்தின் பின்புறத்துக் கடைசி வரியை மறுபடி படித்தார்: வெளியே பலத்த மழை.

மழைக்காகக் காத்திருந்தது

அதன்பிறகு நாலு மாதம் நாங்கள் இருவரும் காத்திருந்தது மழைக்காக. மயிலாப்பூரில் குளம் நிரம்புமா என்று எல்லாரும் கவலைப்பட்ட வருஷம். நான் ஜோசியன் மாதிரி மேகத்தைப் பார்ப்பேன். பட்டினப்பாக்கத்துக் கரையில் கட்டுமரக்காரர்களிடம் போய், வாடைக்காற்று எப்போது திரும்பும் என்று விசாரிப்பேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மழை வந்தது. கன்னியம்மாவின் சாக்கு கத்திக்கொண்டே வந்தது. இந்த முறை சோதனைகளை நான் செய்தேன். பாய் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நூலைக்கூடத் தொட மாட்டார். நான் தடுமாறினால் தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான்.

முதல் தவளையின் இதயம் ஏறக்குறையப் பாயின் காகிதத்தில் இருந்த நேரத்திலேயே நின்றது. இரண்டாவதும் அப்படியே. எட்டாவது முடிந்தபோது பாய் சன்னலோரம் போய் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் லேசாகக் குலுங்கின. நான் உருளையைத் துடைக்கிற வேலையில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

புதிய தீசிஸில் ஓர் அத்தியாயம் கூடிற்று. கோடைத் தவளைக்கும் மழைத் தவளைக்கும் எருக்கு ஒரே அளவில் வேலை செய்வதில்லை. ஆகவே மருந்தின் வீரியத்தை அளக்கிறவர்கள் எந்தப் பருவத்துத் தவளை என்று குறிக்காமல் அளப்பதில் பயனில்லை. தவளைகள் இப்படிப் பருவத்துக்குப் பருவம் மாறும் என்று குளிர்நாட்டுக்காரர்கள் ஏற்கனவே எழுதியிருந்தார்கள் என்பது ஜெர்மன் பத்திரிகைகளைப் புரட்டியபோது தெரிந்தது. நம் ஊர் எருக்கையும் நம் ஊர் மழையையும் வைத்து யாரும் எழுதியிருக்கவில்லை. முதல் பக்கத்தில், முதல் மழைக்காலத்துச் சோதனைகள் கரீம் செய்தவை, அனைத்தையும் நான் திரும்பச் செய்தேன் என்று எழுதினேன். இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். வங்காளிப் பரீட்சகர் கேள்வி கேட்டதைவிடக் கன்னியம்மாவைப் பற்றி விசாரித்ததுதான் அதிகம்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. அடுத்த வருஷம் வேறொரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

பாய்க்கு? நானும் சீமையிலிருந்து திரும்பிய துரையும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டோம். முதல் நிபந்தனையைத் தளர்த்த இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. பிற்காலத்தில் எல்.எம்.பி.காரர்கள் கூடுதலாகப் படித்து முழுப் பட்டம் வாங்க வழி செய்தார்கள். பாய் இருபது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சியில் உட்கார்ந்து அதையும் வாங்கினார். அப்போது அவருக்கு மேல்பட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்துவிட்டது. ஆசை போய்விட்டது என்று சொல்லிவிட்டு, கடற்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கடைசிவரை நோயாளிகளைப் பார்த்தார். ஆசை போய்விட்டது என்பதை நான் நம்பவில்லை. அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை.

இருபத்தைந்து பிரதிகள்

எங்கள் தவளைக் கட்டுரை ஒரு வைத்திய சஞ்சிகையில் வெளிவந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். அதில் இரண்டு பேர் பெயரும் போட்டிருந்தேன். யார் பெயர் முதலில் என்று எங்களுக்குள் ஒரு வாரம் சண்டை நடந்தது. நான் ஜெயித்தேன், அவர் பெயர் முதலில்.

கட்டுரை எழுதியவர்களுக்கு என்று தனியாக அச்சடித்த இருபத்தைந்து பிரதிகள் தபாலில் வந்தன. ஈரக்காற்று வீசிய மார்கழி முற்பகல். சணல் கயிற்றை அவிழ்த்து, மேலே இருந்த பிரதியைப் பாயிடம் நீட்டினேன். கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

அச்சுக்கோத்தவர் கடைசி எழுத்தில் கோட்டை விட்டிருந்தார். இங்கிலீஷ் ‘m’ இருக்க வேண்டிய இடத்தில் ‘n’ விழுந்து, ‘கரீம்’ அங்கே ‘கரீன்’ ஆகியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே கடிதம் எழுதுகிறேன், திருத்தம் போடச் சொல்கிறேன் என்று குதித்தேன்.

“உக்காரு ஐயரே” என்றார் பாய்.

மேஜையைத் துடைத்தார். இண்டியன் இங்க் புட்டியைத் திறந்து, பெயர்ச்சீட்டு எழுதும் மெல்லிய முள்பேனாவை எடுத்துக்கொண்டார். முதல் பிரதியை நேராக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தப்பான எழுத்தின் பக்கத்தில் ஒரே ஒரு சின்னக் கால் இழுத்தார். அச்சு எது, கை எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதை என் பக்கம் தள்ளினார். நான் மை காயும்வரை ஓலை விசிறியால் விசிறி, ஓரமாக அடுக்கினேன்.

அடுத்ததை எடுத்தார். இருபத்தைந்துக்கும் அப்படியே. அன்று மத்தியானம் வரை நாங்கள் வேறு வேலை பார்க்கவில்லை.